இரண்டு சாண் பாக்கி

அத்தியாயம் 11

போன வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து லிஜா ஃபோனில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "லீவு இல்லண்ணு சொல்லியாச்சு. கிறிஸ்துமசுக்கு வரல்ல. இன்னும் ரெண்டு வருசம் ஆவும்." மனைவியைப் பார்த்து இருபது மாதமான செல்வன் அதற்குச் சொன்ன பதில் ஒரே ஒரு "சரி".

அதற்குப் பிறகு ஏழு நாள் அவன் அந்தச் செய்தியைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தான். வள்ளத்தில் போனான், வந்தான், மீனை ஏலத்தில் விட்டான், வலையைக் காயப்போட்டான். அக்காள் செசிலியிடம் சொல்லவில்லை. ஐந்து வயது மகள் பெபிஷாவிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்துவிட்டால் நடக்காமல் போய்விடும் என்று ஆண்பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு.

இந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அடுக்களை வாசலில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அது தானாக வெளியே வந்தது.

"அக்கா, லிஜா வரல்ல."

டிபன் பாக்ஸில் தோசையை மடித்து வைத்துக்கொண்டிருந்த செசிலியின் கை நின்றது.

"வரல்லண்ணா?"

"லீவு இல்லியாம். ரெண்டு வருசத்துக்கு எழுதி வாங்கியிருக்காவளாம்."

"பிள்ளைகிட்ட சொன்னியா?"

"நான் எப்படிச் சொல்லுவேன்? அவ காலண்டர்ல தெவசமும் கோடு போட்டுட்டு இருக்கா. இன்னைக்குச் சாயங்காலம் லிஜா கூப்பிடும்போ அவளே சொல்லட்டும்."

"ஏலே, ஏழு நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்று செசிலி சீறினாள். சீறியது தம்பியின் மீது மட்டும் இல்லை. அந்தச் செய்தி காதில் விழுந்ததும் அவளுக்குள் முதலில் வந்தது துக்கம் அல்ல. அப்பாடா என்று ஒரு நிம்மதி. பிள்ளை இன்னும் இரண்டு வருடம் தன்னோடுதான் படுக்கும், தன் கையால்தான் தலை பின்னிக்கொள்ளும் என்ற நிம்மதி. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட செசிலிக்கு முப்பத்தொன்பது வயதில் கிடைத்த பிள்ளை அது. நிம்மதி வந்த அடுத்த நொடியே வெட்கமும் வந்தது. தோசை மேல் சர்க்கரையைக் கொட்டிவிட்டு டப்பாவை அழுத்தி மூடினாள்.

அக்காளுக்கும் தம்பிக்கும் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பின்கதவுக்கு வெளியே, ஒரு காலில் ஷூவும் இன்னொரு காலில் சாக்ஸுமாக, பெபிஷா நின்றுகொண்டிருந்தாள்.

* * *

மாதா கோயிலுக்குப் பக்கத்து நர்சரியில் செசிலி யு.கே.ஜி. டீச்சர். இருபத்தொரு பிள்ளைகள். அதில் பதினான்கு பேருக்கு அப்பாவோ அம்மாவோ வெளிநாட்டில் அல்லது கப்பலில். வீட்டில் அத்தையை மாமி என்று கூப்பிடுகிற பெபிஷா, பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் டீச்சர் என்று மாற்றிக்கொள்வாள். ஒரு நாளும் தவறியதில்லை.

வருடத் தொடக்கத்தில் கோட்டாறில் நடந்த பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, நல்ல பிள்ளைக்கு ஒரு ஸ்டார் என்று சுவரில் பெயர்ப்பட்டியல் ஒட்டினாள் செசிலி. ஒரே மாதத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆனது. பதினொரு ஸ்டார் வாங்கிய சுஜின் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். ஒன்றும் வாங்காத டெல்வின் சுஜினின் ஸ்டாரைப் பிய்த்துத் தின்றுவிட்டான். "டீச்சர், அவன் கிள்ளினான்", "டீச்சர், அவ பொய் சொன்னா" என்று காட்டிக்கொடுப்பதே பாடமாகிவிட்டது. பெபிஷா எதிலும் சேராமல் மூலையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள்.

ஒருநாள் இருபத்தொரு பேரையும் கரைமடி வலை இழுப்பதைப் பார்க்கக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, "ஏலேலோ" போட்டுக் கயிற்றை இழுத்தார்கள். கயிற்றில் கை வைத்தவருக்கெல்லாம் மீனில் பங்கு உண்டு. அது கரைக்காரர்களின் வழக்கம். கயிற்றின் வால் நுனியைப் பிடித்துக்கொண்டு சும்மா நடந்துவந்த டெல்வினுக்குக்கூட இரண்டு சாளை மீன் கிடைத்தது. அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வகுப்பு முழுவதையும் நாறடித்தான்.

அன்றைக்கே செசிலி ஸ்டார் பட்டியலைக் கிழித்தாள். சுவர் நீளத்துக்கு நீலத் தாள் ஒட்டி, கொசுவலைத் துண்டில் அட்டை மீன்களைத் தைத்து, அந்தக் கோடியில் குத்தினாள். இந்தக் கோடியில் மணல் நிறத் தாள். நடுவே செல்வன் கொடுத்த கயிறு. சாப்பாட்டு நேரத்தில் யாரும் தனியாக உட்காராமல், சாயங்காலம் யாரும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகாமல் ஒரு நாள் கழிந்தால், எல்லாரும் சேர்ந்து இழுக்க, வலை ஒரு சாண் கரைக்கு வரும். ஒரு ஆள் தவறினாலும் அன்றைக்கு வலை நகராது. ஆனால் பின்னாலும் போகாது.

"நாம எல்லாரும் சேந்து இழுத்தா, வலையில என்ன வேணும்னு கேக்கியளோ, அது கரைக்கு வரும்" என்று செசிலி அன்றைக்கு ஒரு வாக்கியம் சொன்னாள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டார்கள், யானை கேட்டார்கள், கடைசியில் வட்டக்கோட்டைக்கு பஸ்ஸில் போவது என்று முடிவானது. பெபிஷா மட்டும் சுஜினின் காதில் ஏதோ சொன்னாள். செசிலி அதைக் கவனித்தாள்; கேட்காமல் விட்டுவிட்டாள்.

இருபது சாணில் இப்போது மூன்றுதான் பாக்கி.

* * *

வெள்ளிக்கிழமை மதியம் அஸ்வதியின் டிபன் பாக்ஸ் தவறிக் கவிழ்ந்தது. ஜூன் மாதமாக இருந்தால் சிரித்திருப்பார்கள். இப்போது டெல்வின் தன் புட்டில் பாதியைத் தள்ளினான். யாரோ அவித்த முட்டை கொடுத்தார்கள். அஸ்வதி அழவில்லை, வழக்கத்தைவிட அதிகமாகவே சாப்பிட்டாள்.

பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆள் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், "வாங்க மக்கா, கயிறைப் பிடிங்க" என்றாள் செசிலி.

இருபது பேரின் கைகள் கயிற்றுக்கு வந்தன. பெபிஷா பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாள்.

"ஏட்டி, வா! உனக்காக்கும் முக்கியம்!" என்று சுஜின் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கயிற்றில் வைத்தான். வலை நகர்ந்தது. இனி இரண்டு சாண்தான் பாக்கி. பிள்ளைகள் குதித்தார்கள்.

அந்தக் கும்மாளத்துக்கு நடுவில் பெபிஷா நடந்துபோய் அஸ்வதியைத் தள்ளிவிட்டாள். கை தவறிப் பட்டதல்ல. இரண்டு கையாலும் நன்றாகத் தள்ளினாள். முழங்கால் சிராய்த்து அஸ்வதி வீறிட்டாள்.

"டீச்சர், அஸ்வதி அழுதா" என்றாள் பெபிஷா. "வலையைப் பின்னால தள்ளுங்க."

செசிலிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னட்டி பண்ணுற? ஏன் தள்ளின?"

"அவ அழுதா. பின்னால தள்ளுங்க டீச்சர்."

"இழுத்த வலை பின்னால போவாதுண்ணு சொல்லியிருக்கேன்லா?"

பெபிஷா டெல்வினின் கையைப் பிடித்துக் கிள்ளினாள். அவனும் அழ ஆரம்பித்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தாள். வலை அசையவில்லை என்று தெரிந்ததும் பெஞ்சில் ஏறினாள். இரண்டு கையாலும் கொசுவலையைப் பற்றி இழுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகத் தாவி ஓடினாள். குண்டூசிகள் தெறித்தன. ஐந்து மாத உழைப்பு, பதினெட்டு சாணும், அந்தக் கோடி நீலத்தில் போய் நின்றது.

வகுப்பே கத்தியது. சுஜின் ஸ்லேட்டைத் தூக்கினான். செசிலி அதைப் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "எல்லாரும் உக்காருங்க. வட்டமா. கயிறு மடியில இருக்கட்டும். யாரு பேசணுமோ அவ்வோ மட்டும் பேசுங்க."

முதலில் சுஜின் பேசினான். அழுகையும் கோபமுமாக வந்தது. "அவளுக்காகத்தானே டீச்சர் நாங்க இழுத்தோம்! வலை கரைக்கு வந்தா அவ அம்மா வருவாண்ணு சொன்னா. அவ அம்மாவும் பஸ்ல வட்டக்கோட்டைக்கு வருவாண்ணு சொன்னா. எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் சொல்லாண்டாம்ணு சொன்னா."

"ஆமா டீச்சர்" என்றன பல குரல்கள்.

ஐந்து மாதமாகப் பிள்ளைகள் திருந்திவிட்டார்கள், தன்னுடைய முறை ஜெயித்துவிட்டது என்று செசிலி பூரித்துப்போயிருந்தாள். அவர்கள் இழுத்துக்கொண்டிருந்தது குவைத்திலிருந்து ஒரு அம்மாவை. கேட்டது வலையில் வரும் என்று சொன்னது யார்? அவள்தான்.

"பெபிஷா" என்றாள் செசிலி. "பின்ன ஏன் மக்கா பின்னால தள்ளின?"

பெபிஷா கயிற்றை நிமிண்டினாள்.

"அம்மா வரல்ல. ரெண்டு வருசம்ணு அப்பா சொன்னாரு. வலை கரைக்கு வந்தா சும்மாத்தான் வரும். உள்ள ஒண்ணும் இருக்காது." மூச்சை இழுத்துக்கொண்டாள். "வரல்லண்ணா, கடல்ல கெடக்கட்டும். கடல்ல கெடந்தா பின்னயும் வரலாம்."

செசிலிக்கு எதையாவது சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. டீச்சர்களுக்கு இருக்கிற வியாதி அது. ஆனால் நல்ல வேளை, அஸ்வதி முந்திக்கொண்டாள்.

அஸ்வதி தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ரெண்டு வருசம்ணா எத்தன நாளு?"

"நெறைய. நாம ரெண்டாங் கிளாஸ் ஆயிருவோம்" என்றான் டெல்வின்.

"எனக்கு வட்டக்கோட்டைக்குப் போணும்" என்று சுஜின் விம்மினான். "நான் தொப்பி வாங்கியாச்சு."

"நீ மட்டும் போ."

"ஒத்தைக்குப் போனா என்ன இருக்கு?"

கொஞ்சம் சண்டை வந்தது. போகலாம் என்றது ஒரு கட்சி, வேண்டாம் என்றது ஒரு கட்சி. யானையே கேட்டிருக்கலாம் என்று ஒருவன் சம்பந்தமில்லாமல் சொன்னான். அஸ்வதிதான் எழுந்து சுவரருகே போய் நின்றாள், நொண்டிக்கொண்டே.

"டீச்சர், வலையை அங்கன வைக்காதீங்க, ரொம்பத் தூரம். பழைய எடத்துல வைங்க. ரெண்டு சாண்ல. அங்கனயே நிக்கட்டும். அவ அம்மா வந்தா நாம எல்லாரும் டக்குண்ணு இழுத்திரலாம்."

"பெரிய ஸ்கூல்லயிருந்து வந்து இழுப்போம்" என்றான் டெல்வின்.

எல்லாரும் சுஜினைப் பார்த்தார்கள். அவன் சட்டையால் மூக்கைத் துடைத்தான். தொப்பியை நினைத்தானோ என்னவோ, ஒரு தடவை தலையைத் தடவிக்கொண்டான்.

"சரி. ஆனா பஸ்ல ஜன்னல் சீட்டு எனக்கு."

பெபிஷா தலையை ஆட்டினாள். பிறகு யாரும் சொல்லாமலே அஸ்வதியிடம் போய் அவள் முழங்காலில் ஊதினாள்.

செசிலி குண்டூசிகளைப் பொறுக்கி வலையைப் பழைய இடத்தில் குத்தினாள். கண்ணீரில் ஊசி நுனி தெரியவில்லை. விரலில் இரண்டு தடவை குத்திக்கொண்டாள். டிபனைப் பகிர்ந்துகொள்ளவும் முறை வைத்துப் பேசவும்தான் அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். இதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

* * *

நாலரை மணிக்கு ஃபோன் அடித்தது. வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறை. லிஜா பார்த்துக்கொள்ளும் கிழவியம்மாள் தூங்கும் நேரம்.

செல்வன் ஃபோனைப் பார்த்தான், அக்காளைப் பார்த்தான். "நீ பேசு" என்று நீட்டிவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். பெபிஷா உள்ளே காலண்டர் முன்னால் நின்றாள். பென்சில் கையில் இருந்தது, கோடு போடவில்லை.

"லிஜா, பிள்ளைக்குத் தெரிஞ்சு போச்சு" என்று தொடங்கி, செசிலி பள்ளியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"கேக்கியா?"

"கேக்கேன் மைனி" என்றாள் லிஜா. "மைனி, உங்ககிட்ட மறைக்கல்ல. லீவு தந்தாவ. நாந்தான் வேண்டாம்ணு எழுதிக் குடுத்தேன்."

செசிலி சுவரில் சாய்ந்தாள். "என்ன பிள்ளே சொல்லுற?"

"போன தடவ நாப்பது நாள் இருந்தேன். அவ எங்கிட்ட வர முப்பத்தஞ்சு நாளாச்சு. உங்க சேலையைப் பிடிச்சுட்டு யாரோ மாதிரி என்னைப் பாத்தா. முப்பத்தாறாம் நாள்தான் எங்கூட வந்து படுத்தா. பின்ன அஞ்சு நாளு, அம்மா அம்மாண்ணு பொறத்தாலயே நடந்தா. அஞ்சே நாளு மைனி. நாப்பத்தொண்ணாம் நாள் திருவனந்தபுரத்துக்கு வண்டியில ஏறினேன். வண்டிக்குப் பின்னால அவ ஓடி வந்ததை நான் கண்ணாடியில பாத்தேன். அதை இன்னொரு தடவ பாக்க எனக்கு ஏலாது. அவளாலயும் ஏலாது. நான் வராம இருந்தா அவ மறந்திருவாண்ணு நெனச்சேன்."

"மறக்கல்ல" என்றாள் செசிலி.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். குவைத்தும் கன்னியாகுமரி மாவட்டமும் அழுவதில் ஒரே மாதிரிதான்.

பிறகு செசிலி, இருபது மாதமாகத் தனக்குள்ளேயே வைத்திருந்ததைச் சொன்னாள். "லிஜா, அந்த முப்பத்தஞ்சு நாள்ல நான் ஒரு தடவகூட அவகிட்ட, போ மக்கா, அது உன் அம்மையாக்கும்ணு சொல்லல்ல. அவ என் சேலையைப் பிடிச்சது எனக்குச் சொகமா இருந்துச்சு. இன்னைக்குக் காலையில நீ வரல்லண்ணு கேட்டப்பவும் சொகமாத்தான் இருந்துச்சு. நீ என்னை என்ன வேணும்னாலும் ஏசு. ஆனா வா."

லிஜா ஏசவில்லை. "எனக்குத் தெரியும் மைனி" என்றாள். "ஃபோனை அவ கையில குடுங்க."

பெபிஷா ஃபோனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் அழுத்திக்கொண்டாள். வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில் "ம்", "சாப்பிட்டேன்", "ம்" என்று மூன்று சொல்லோடு முடித்துவிடுகிறவள்.

"அம்மா, வலை ரெண்டு சாண்ல நிக்கிது" என்றாள். "நாங்க யாரும் இழுக்க மாட்டோம். சுஜினும் சரிண்ணு சொல்லிட்டான். நீ அவசரமா வராண்டாம். பைய வந்தாப் போதும்."

அந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்டதோ, பெபிஷா புருவத்தைச் சுருக்கினாள். "அழாத. உனக்கும் ஒரு சீட்டு இருக்கு" என்றாள். பிறகு வாசலுக்கு நடந்துபோய் அப்பாவிடம் ஃபோனை நீட்டினாள்.

"அம்மாக்கு உங்ககிட்ட பேசணுமாம்."

செல்வன் எழுந்தான். ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே மணலில் இறங்கி நடந்தான். செசிலி கதவருகே வந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பத்தடி, இருபதடி. சட்டென்று அவன் நின்றுவிட்டான். இந்த முறை சரி என்று சொல்லவில்லை.

"எப்போ?" என்று அவன் கத்தியது, கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது.